குற்றவாளிக் கூண்டில் ஒரு குஸ்திப் படம்

கூண்டில் ஆள் இல்லை. போஸ்டர்தான் நின்றது.

எங்கள் பிள்ளையார்பாளையத்து வாசகசாலையின் ஆண்டு விழா. ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. பந்தல் கீற்றின் இடுக்கு வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக மேடையில் விழுந்துகொண்டிருந்தது. வலது பக்கம் மரச்சட்டம் அடித்து ஒரு குற்றவாளிக் கூண்டு. அதற்குள் அட்டையில் ஒட்டிய ஒரு சினிமா போஸ்டர். லங்கோடு கட்டிய கதாநாயகன் தொடையைத் தட்டிக்கொண்டு நின்றான். ஒட்டிய பசை காயவில்லை. மைதாப் பசை வாசனை நான் உட்கார்ந்திருந்த நாற்காலி வரைக்கும் வந்தது.

அதற்குப் பெயர் வழக்காடு மன்றம். ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் மறுத்துப் பேசுவார், நடுவர் தீர்ப்புச் சொல்வார். வழக்கமாகப் புராணத்துப் பாத்திரங்களைத்தான் கூண்டில் ஏற்றுவார்கள். அந்த வருஷம் ஊரே ஒரு படத்தைத் திட்டிக்கொண்டிருந்ததால் அதையே ஏற்றிவிட்டார்கள்.

குற்றம் சாட்டுபவர் சின்னக் காஞ்சிபுரத்து ராகவாச்சாரி, ஓய்வு பெற்ற வக்கீல். படத்துக்காக வாதாட வந்தவள் நான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், முப்பது வயது, ஊரறிய வாய் நீளம். நடுவர் மேசையில், குஸ்திக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பயில்வான்கள் சுழற்றுகிற, வெள்ளிப் பூண் போட்ட ஒரு கர்லாக்கட்டையை வைத்திருந்தார்கள். அது எங்கள் ஊர்ப் பயில்வான் காதர் பாயுடையது. அவர் முதல் வரிசையில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு நான் ஜெயித்தேன். ஜெயிப்பதற்காக என் ஆயுசிலேயே மோசமான காரியம் ஒன்றைச் செய்தேன். இந்தப் பத்தியில் போன வாரம் பள்ளிக்கூடத்துக் கிணற்றைப் பற்றி எழுதினேன், அதற்கு முந்தின வாரம் மழைக்கால ரயிலைப் பற்றி எழுதினேன். இதை மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இப்போது சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் இல்லை. காதர் பாயின் மகளிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவைத் திறந்திருக்கிறேன்.

படம் செய்த பாவம்

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பாவம், எடுத்தவர் அதோடு நொடித்துப் போனார் என்று கேள்வி.

கதை இதுதான். ஒரு கிராமத்துக்கு ஒரே ஒரு பயில்வான். பக்கத்து ஊர்க்காரனோடு பெரிய போட்டி. பிடி நடந்துகொண்டிருக்கும்போது கதாநாயகனுக்கு ஒரு விஷயம் தெரிந்துபோகிறது. எதிராளிக்கு இடது கண் பார்வை இல்லை. அதை மறைத்துக்கொண்டு மண்ணில் இறங்கியிருக்கிறான். அந்தப் பக்கமாகப் போனால் ஒரு நொடியில் சாய்த்துவிடலாம். இவன் போகவில்லை. தானே தோற்றுப் போகிறான். சொந்த ஊர் செருப்பை வீசுகிறது. ஏன் தோற்றான் என்று பெற்ற தாயிடம்கூட அவன் சொல்வதில்லை. வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறான். படம் முடிந்துவிடுகிறது.

ஊருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இன்னாபா படம் இது, நம்பனவங்கள ஏமாத்திட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டறான்!” என்று தாமலிலிருந்தும் மாகறலிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் கொட்டகை வாசலிலேயே கத்தினார்கள். நம்பினவர்களுக்குத் துரோகம் செய்யலாம் என்று படம் சொல்லிக் கொடுக்கிறது, துரோகிக்குத் தண்டனையும் இல்லை, இதைப் பார்த்து இளவட்டங்கள் என்னத்துக்கு ஆகும் என்று துண்டுப் பிரசுரம் போட்டார்கள். கோயில் பக்கத்துப் பெரியவர்களும் கட்சிக்காரர்களும் ஒரே குரலில் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த டீச்சர், “இன்னா கமலா, இதுக்குப் போயா அழுவுற?” என்றாள். அவளிடம் நான் எதைச் சொல்ல? திரையில் செருப்படி வாங்கினவன் என் கண்ணுக்கு எங்கள் அண்ணனாகத் தெரிந்தான்.

ஏகாம்பரம் பயில்வான்

எங்கள் அண்ணன் ஏகாம்பரம் பகலில் தறி, விடியலில் குஸ்தி. அந்தக் காலத்தில் அப்படி நிறையப் பேர் இருந்தார்கள். வேகவதி ஓரத்தில் இருந்த கோதாவில், அதுதான் குஸ்திப் பள்ளம், செம்மண்ணைச் சலித்து நல்லெண்ணெயும் மஞ்சளும் மோரும் ஊற்றிப் பிசைந்து வைப்பார்கள். அண்ணன் வீட்டுக்கு வரும்போது அந்தப் புளித்த மோர் வாசனையும் கூடவே வரும். அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, “அந்தாண்ட போய்க் குளிச்சிட்டு வா” என்று விரட்டுவாள்.

அறுபதுகளின் ஆரம்பம். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு குஸ்தி நடத்தினார்கள். அண்ணனுக்கு எதிராளி காதர். ஆற்காட்டிலிருந்து வந்து எங்கள் ஊர்ச் சாயப் பட்டறையில் வேலை பார்த்தவர். அவருக்குக் குஸ்தி கற்றுக்கொடுத்த உஸ்தாத் உடம்பு முடியாதபோதும் ஆற்காட்டிலிருந்து வந்து, நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பதினெட்டு வயது. பெண்கள் பக்கத்தில் கயிற்றுக்கு அந்தப்புறம் நின்று பார்த்தேன்.

கால் மணி நேரம் அண்ணன் கைதான் ஓங்கியிருந்தது. காதரின் வலது கையை முறுக்கிப் பின்னால் கொண்டுபோய்விட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று எங்கள் தெரு ஆட்கள் துண்டைச் சுழற்ற ஆரம்பித்தார்கள். அடுத்த நிமிஷம் அண்ணன் மல்லாந்து கிடந்தார். காதர் அவர் மேல் கிடந்தார்.

வெள்ளிப் பூண் போட்ட கர்லாக்கட்டை பரிசாகக் காதருக்குப் போனது. அண்ணனுக்கு ‘விலை போனவன்’ என்ற பேர் வந்தது. யாரிடமோ காசு வாங்கிக்கொண்டு படுத்துவிட்டாராம். எங்கள் வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றது. அப்புறம் அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

குஸ்தி நடந்த அன்றைக்குச் சாயங்காலம் அவர் முதுகுக்கு நான் தவிட்டு ஒத்தடம் கொடுத்தேன். அழுகையை அடக்க முடியாமல், “ஏண்ணா இப்படிப் பண்ணே?” என்றேன். குப்புறப் படுத்தபடியே சொன்னார்.

“அவன் தோளு கழண்டுக்கிச்சு கமலா. என் கைக்குத் தெரிஞ்சுது. வாயத் தெறந்து கத்தவே இல்ல. இன்னும் ஒரு இழு இழுத்திருந்தா ஒடிஞ்சிருக்கும். சாயம் முறுக்கற கைம்மா அது.”

“கைய விட்டுட்டு வேற பிடி போட வேண்டியதுதானே?”

“விட்டா மறுபடி வருவான். அந்தக் கையோடவே வருவான். அவன் அப்பிடி ஆளு. அவன் உஸ்தாது வேற பாத்துக்கினு இருக்காரு. அதான் நானே முதுவ மண்ணுல வெச்சேன்.”

பட்டறையில் கொதிக்கிற தொட்டியிலிருந்து பட்டு நூலைத் தூக்கி, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிய வேண்டும். ஒரு கை போனால் வேலை போச்சு. தறிக்காரருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “யார் கிட்டயும் சொல்லாத, அம்மா கிட்டகூட” என்றார். பன்னிரண்டு வருஷம் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை தெருவில் அவரைப் பார்த்து யாராவது இளித்தபோதும் என் நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போனது.

“ஒருவனைக் காட்டுங்கள்”

ராகவாச்சாரி நன்றாகப் பேசினார். அவர் பேச்சில் பழுதே சொல்ல முடியாது.

“ஊர் அவனை நம்பியது. நம்பிக்கைத் துரோகம் முதல் குற்றம். காரணத்தை மறைத்தது இரண்டாம் குற்றம். மறைத்ததைப் பெருமையாகக் காட்டியது மூன்றாம் குற்றம். இது படமெடுத்தவர் செய்தது” என்று கூண்டைக் காட்டினார். போஸ்டர் காற்றில் லேசாக ஆடியது.

நான் எழுந்தேன். மூன்று நாள் தூங்காமல் தயார் செய்த பேச்சு. “அவன் எங்கே ஐயா பொய் சொன்னான்? வாயைத் திறந்தானா? ஊர் கேட்டது ஒரு வெற்றி. அதற்காக ஒரு கண் இல்லாதவனின் குருட்டுப் பக்கத்தில் கை வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. அதற்குப் பதிலாகத் தன் பேரைக் கொடுத்தான். துரோகம் செய்கிறவன் ஏதாவது சம்பாதிப்பான். இவன் என்ன சம்பாதித்தான்? தண்டனை இல்லை என்கிறீர்கள். செருப்பு விழுந்ததே, அது தண்டனை இல்லையா? ஏன் வாயை மூடிக்கொண்டான் என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அந்தக் கண் தெரியாதவனின் கதி என்ன? வெற்றியும் போய், கண் இல்லை என்ற சேதியும் ஊருக்குத் தெரிந்து, அவன் தலை நிமிர முடியுமா? சொல்லாமல் இருந்ததுதான் ஐயா அவன் செய்த நல்லது. தோற்றது அதில் பாதிதான்.”

கைதட்டல் வந்தது. இன்றைக்கும் அந்த வாதத்தில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன். அதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன வாய்.

ராகவாச்சாரி சிரித்துக்கொண்டே எழுந்தார். “அருமை. ஆனால், அம்மா, ஊர் காறித் துப்ப, நல்லது செய்ததைச் சொல்லாமல் சாகும் வரை இருக்கிற மனுஷன் சினிமாவில்தான் உண்டு. நடக்காததைக் காட்டி ஜனங்களை மயக்குவதே ஏமாற்று. எங்கே, நம் காஞ்சிபுரத்தில் ஒருவனைக் காட்டுங்கள், நான் வழக்கை வாபஸ் வாங்குகிறேன்.”

கூட்டம் ஆரவாரம் செய்தது. பின்வரிசையில் எவனோ, “ஏகாம்பரத்தக் காட்டச் சொல்லுபா!” என்று கத்தினான். சிரிப்பு அலை மாதிரி முன்வரிசை வரைக்கும் வந்தது. எனக்குக் காது சுட்டது.

“காட்டுகிறேன்” என்றேன்.

சொல்லிவிட்டேன். ஒத்தடம் கொடுத்த சாயங்காலம், கழன்ற தோள், மண்ணில் வைத்த முதுகு, எல்லாவற்றையும். எதிராளியின் பேரை நான் சொல்லவில்லை என்று அப்போது என்னையே சமாதானம் செய்துகொண்டேன். பேர் எதற்கு? ஊருக்கே தெரியும். ஆளே எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கர்லாக்கட்டை மேசையில் இருந்தது.

பந்தல் எழுந்து நின்று கைதட்டியது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். ராகவாச்சாரி சொன்னபடி வழக்கை வாபஸ் வாங்கினார். ‘படம் குற்றவாளி அல்ல’ என்று நடுவர் தீர்ப்புச் சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் முதல் வரிசையைப் பார்த்தேன். காதர் பாயின் நாற்காலி காலியாக இருந்தது. கர்லாக்கட்டையை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை.

தறிக்குழி

பொன்னாடையோடுதான் வீட்டுக்குப் போனேன். கழற்றக்கூட இல்லை. பன்னிரண்டு வருஷத்துக் கறையைத் துடைத்துவிட்டேன், அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுவார் என்று எண்ணம்.

அவர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி நெய்துகொண்டிருந்தார். சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டிருந்தது.

“ஜெயிச்சிட்டியாமே?”

“ஆமாண்ணா.”

“காதர வெச்சா ஜெயிச்ச?”

அவர் மறுபடி மிதியை மிதித்தார். ஐந்து நாள் என்னோடு பேசவில்லை.

அந்த ஐந்து நாளில் தெருவில் அண்ணனுக்குக் கும்பிடு போட்டார்கள். அந்தக் காலத்தில் சாணி ஊற்றினவர்களின் வீட்டிலிருந்தே பலகாரம் வந்தது. அண்ணன் அதைத் தொடவில்லை. அந்தப் பக்கம் காதர் பாயின் கோதாவில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. ‘தானமா வாங்குன கட்டை’ என்று பட்டறைச் சுவரில் கரியால் எழுதினார்கள். அவரிடம் குஸ்தி கற்க வந்த இருபது பேரில் நாலு பேர்தான் மிச்சம். ஐந்தாம் நாள் அவர் மண்ணைக் கொத்தாமல் விட்டுவிட்டார் என்று சேதி வந்தது. கொத்தாத கோதா இறுகிப்போகும்.

அன்றைக்குத்தான் அண்ணன் வாயைத் திறந்தார்.

“வர ஞாயித்துக்கெழம மறுபடி மன்றம் போடச் சொல்லியிருக்கேன். அதே மேடையில ஏறி, நான் சொன்னது அத்தனையும் பொய்யின்னு சொல்லிட்டு வந்துடு.”

“அண்ணா! அது சத்தியம்.”

“தெரியும்.”

“நான் டீச்சருண்ணா. தெனமும் காலையில பொண்ணுங்கள நிக்க வெச்சு, பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்றவ. நாளைக்கு என்னெப் பொய்க்காரின்னு சொல்ல மாட்டாங்களா?”

“சொல்லுவாங்க. சொல்லிக்கினு போறாங்க. என்னெ வெல போனவன்னு பன்னெண்டு வருஷமா சொல்றாங்க. செத்தா பூட்டேன்?”

நான் அழுதேன். ‘உனக்காகத்தானே சொன்னேன்’ என்று கத்தினேன். அவர் நூல் ஒன்று அறுந்திருந்ததை முடிச்சுப் போட்டுக்கொண்டே, “எனக்காகச் சொல்லல. ஜெயிக்கச் சொன்ன” என்றார். சுருக்கென்று இருந்தது. உண்மை அதுதான். அந்தச் சிரிப்பை அடக்க வேண்டும், அந்த வக்கீலை மடக்க வேண்டும் என்ற வெறிதான் அன்றைக்கு என்னைப் பேச வைத்தது.

மறு விசாரணை

அதே பந்தல், அதே கூண்டு. போஸ்டர் வெயிலில் வெளுத்து ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. போன வாரத்தைவிட இரண்டு பங்கு கூட்டம்.

அண்ணன் வந்தார். தனியாக வரவில்லை. பட்டறைக்குப் போய்க் காதர் பாயைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, முதல் வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். குஸ்திக்கு அப்புறம் அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்ததை ஊர் பார்த்தது அன்றுதான்.

நான் எழுந்து, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். “போன வாரம் என் அண்ணனைப் பற்றி நான் சொன்னது நடக்காதது. வழக்கில் ஜெயிக்க வேண்டும் என்று இட்டுக்கட்டிச் சொன்னேன். அந்தக் குஸ்தியில் என் அண்ணன் நியாயமாகத் தோற்றார். காதர் பாய் நியாயமாக ஜெயித்தார். என்னை மன்னிக்க வேண்டும்.”

பந்தலில் எழுந்த சத்தத்தை எழுத முடியாது. என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். ஊர் கத்தினதைவிட அவள் தலையைக் குனிந்ததுதான் எனக்கு வலித்தது.

ராகவாச்சாரி எழுந்தார். “அம்மா, இன்றைக்குச் சொல்வது சத்தியமா?”

“சத்தியம்.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த காதர் பாயைப் பார்த்தார். எத்தனை ஆயிரம் சாட்சிகளைப் பார்த்த கண்! இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். “எனக்கு வேறு கேள்வி இல்லை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நடுவர் தீர்ப்பை மாற்றினார். பொய்ச் சாட்சியின் பேரில் கிடைத்த விடுதலை செல்லாது. படம் குற்றவாளி. நம்பினவர்களை ஏமாற்றலாம், அதை மறைக்கலாம் என்று கற்பிக்கும் படம். நான் பொன்னாடையை மடித்து மேசையில் வைத்தேன். காதர் பாய் மேடைக்கு வந்து, யாரையும் பார்க்காமல், கர்லாக்கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையில் நல்லுரை சொல்லும் வேலையை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். மேடைப் பேச்சுக்கு யாரும் கூப்பிடவில்லை. அண்ணனுக்கு மறுபடி பழைய பேர் வந்தது. ஒரு மாசத்தில் காதர் பாயின் கோதாவில் மண் கொத்துகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மறு விசாரணை முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தெருவெல்லாம் சுற்றிவிட்டு வீடு திரும்பினபோது அண்ணன் வாசற்படியில் நின்றிருந்தார்.

“தோத்துட்டியா?”

“தோத்துட்டேண்ணா.”

“உள்ள வா. சோறு ஆறிப்போவுது.”

ஒரு வாரம் கழித்து அன்றைக்குத்தான் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கர்லாக்கட்டை

எழுபதுகள் முடிகிற சமயம் அண்ணன் நெஞ்சு வலியில் போய்விட்டார். அதிகம் பேர் வரவில்லை. விலை போனவன் சாவுக்கு யார் வருவார்கள்?

பத்து மணி வாக்கில் காதர் பாய் வந்தார். விரல் இடுக்கெல்லாம் சாயம், அரக்குச் சிவப்பு. பட்டறையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். வலது கையில் கர்லாக்கட்டை. அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்து வெகு நேரம் முகத்தையே பார்த்தார். அப்புறம் கட்டையை அண்ணன் கைப்பக்கமாக வைத்தார்.

“இது உங்க அண்ணனோடது டீச்சரம்மா. எடுத்தாந்துட்டேன்.”

“பாய், நான் அன்னிக்கு மேடையிலேயே சொன்னேனே…”

“நல்லாதான் பொய் சொன்னீங்க. ஊரு நம்புச்சி.” அழுதுகொண்டே சிரித்தார். “மேல கெடந்தவனுக்குத் தெரியாதாம்மா? உங்க அண்ணன் உடம்பு கருங்கல்லு. அன்னிக்கு எனக்குக் கீழ, தூங்கற கொழந்தை மாதிரி கெடந்தான். மண்ணுலயே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா அவரை இத்தனை வருஷம் திட்டு வாங்க விட்டீங்க?” கோபம் தலைக்கேறிவிட்டது எனக்கு. பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிக் கேட்டேன்.

“மறுநாளே கட்டையத் தூக்கிக்கினு உங்க வீட்டுக்கு வந்தேம்மா. தெரு முனையில நிறுத்திட்டான். ‘நான் தோத்தவனாவே இருந்துட்டுப் போறேன், நீ ஜெயிச்சவனா இருந்து காட்டு’ன்னான். சொல்லிட்டா அவன் குடுத்தது இல்லன்னு ஆயிடும். அதனால ஜெயிச்சவன் மாதிரி நடந்தேன். பதினேழு வருஷம். தோத்திருந்தா இதவிட லேசா இருந்திருக்கும்.”

வலது தோளைத் தடவிக்கொண்டார். “நாங்க ரெண்டு பேரும் இல்லாதப்ப சொல்லிக்குங்கம்மா” என்றார். போன மார்கழியில் அவரும் போனார்.

வாசகசாலையின் பழைய நடவடிக்கை நோட்டில் அந்தத் தீர்ப்பு இன்னும் இருக்கிறது. படம் குற்றவாளி என்று நீல மசியில் எழுதி, கீழே வாதி, பிரதிவாதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பிரதிவாதியின் கையெழுத்து என்னுடையது. அது பொய்க் கையெழுத்து. அந்தப் படம் குற்றவாளி அல்ல.